ஜெயபாய் அம்மாவின் அறைக்குப் போகும் வண்டி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கழக்கூட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடது செருப்பு வாய் பிளந்துவிட்டது. காலைத் தேய்த்துத் தேய்த்து ஆபீசுக்குள் போனேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஷில்பா பார்த்துவிட்டாள்.

எங்கள் கம்பெனி மாடல் ரயில் செய்து கொடுக்கிறது. ஹோட்டல் வரவேற்பறை, ஃபிளாட் விற்கிறவர்களின் ஷோரூம், பணக்கார வீடுகள். மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் வைத்து நடுவில் குட்டி ரயில் சுற்றி வரும். ஜெயந்த் சார் முதலாளி, ஷில்பாவுக்கு விளம்பர வேலை, எனக்கு வயரிங். நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

இன்று அடையாள அட்டைக்கு விவரம் சரிபார்த்தார்கள். ஷில்பா என் அப்பா பெயரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். “இசக்கி…” என்று நிறுத்தி, அப்புறம் “பாண்டி!” என்று தனியாக நீட்டினாள். இந்த மலையாளத்து ஊரில் தமிழனைப் ‘பாண்டி’ என்றுதான் கூப்பிட்டுச் சிரிப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன்?

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேறு கவலை. “ஏட்டி, நெசமான ரயிலு ஓடுத ஊருல பொம்மை ரயிலுக்கு ஒரு இன்ஜினீரா? இதுக்காவா உங்கப்பா சாலைக் கடைத்தெருவுல மூட்டை சொமக்காரு?”

நாளை மறுநாள் நாலாஞ்சிறையில் ஒரு வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி அடிக்கடி நின்றுபோகிறதாம். “பழைய கேஸ்” என்றார் ஜெயந்த் சார்.

ஜூன் 11

வீட்டுக்காரர் ராஜமணி சார். எழுபது இருக்கும். பாறசாலைக்காரர், மஸ்கட்டில் காண்டிராக்ட் எடுத்தவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “வா பிள்ளே, உள்ள கேறி வா. இனி எனக்கு வாய் தொறந்து பேச ஒரு ஆளாச்சு.” தட்டில் கேக் வைத்துக் கொடுத்தார். இந்த ஊரில் வேலைக்குப் போன வீட்டில் என்னை உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை.

ஹாலில் பாதியை ரயில் அடைத்துக்கொண்டிருக்கிறது. பெரிய அளவு வண்டி. எஞ்சின் மட்டுமே என் முழங்கை நீளம். மலைமேல் தேயிலைத் தோட்டம், கீழே ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் விரல் உயர மனிதர்கள். அதிலிருந்து ஒரு தண்டவாளம் பிரிந்து, இடுப்பு உயரப் பலகைமேல் நடைவழிச் சுவரோடு போகிறது. நடைவழி முடிவில் ஒரு அறை. கதவு சாத்தியிருந்தது. கதவை ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டுச் சுரங்க வாய் அமைத்திருக்கிறார். கருங்கல் மாதிரி வண்ணம், ஓரத்தில் பாசிகூட ஒட்டியிருக்கிறது. ரொம்ப நேர்த்தி.

“உள்ள என் வைஃப்” என்றார். “ஸ்ட்ரோக். எழும்ப முடியாது.”

டீ, மருந்து, கஞ்சி எல்லாம் அந்த வண்டியில்தான் போகிறது. ஜிஜி அக்கா என்று ஒரு ஹோம் நர்ஸ் விடியற்காலையில் வந்து குளிப்பாட்டி, துணி மாற்றி, சமைத்து வைத்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விடுவார். திரும்ப அந்திக்குத்தான். நடுவில் சார் ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வண்டியை அனுப்புவார். “ஆளும் வேண்டாம், விளிச்சுக் கூப்பிடவும் வேண்டாம். டயத்துக்கு வண்டி போவும், வரும்.”

பிரச்சினை இதுதான். தண்டவாளத்தில்தான் கரண்ட் வருகிறது, சக்கரம் அதைத் தொட்டு எடுக்கிறது. தண்டவாளத்தில் அழுக்கு இருந்தால் வண்டி செத்துவிடும். சுரங்கத்தைத் தாண்டி, கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் வந்து செத்துவிடுகிறது. அப்போது சார் எழுந்து, கதவைத் திறந்து, உள்ளே போய் விரலால் தள்ளிவிட வேண்டும்.

“அதுதான் பிள்ளே பெரிய எடங்கேறு, தொல்லை.”

நான் கதவைத் திறந்தேன். ஜெயபாய் அம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். முதலில் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

தண்டவாளத்தில் எண்ணெய் இருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். வண்டி ஓடியது. ஹாலிலிருந்து சார் கைதட்டினார்.

ஜூன் 13

மறுபடியும் நின்றுவிட்டதாம். அதே இடம்.

ஜூன் 17

இன்று துடைத்த துணியை முகர்ந்து பார்த்தேன். தன்வந்தரம் குழம்பு. பக்கவாதத்துக்குத் தேய்க்கிற எண்ணெய். காலையில் ஜிஜி அக்கா கை கால்களுக்குத் தேய்த்துவிடுகிறார். கட்டிலில் தேய்க்கிற எண்ணெய் தண்டவாளத்துக்கு எப்படி வரும்?

திரும்பினேன். அம்மாவின் வலது கை பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. இடது கை நன்றாக இருக்கிறது. அதன் விரல்கள் பளபளவென்று இருந்தன. அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“கண்டு பிடிச்சிட்டியா” என்றார். வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, ஆனால் பேச்சு புரிகிறது.

கையிலிருந்த துணியை மடித்தேன்.

“நான் மஸ்கட்டுல நர்ஸா இருந்தவளாக்கும் மோளே. மணி அடிச்சா நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். டம்ளரத் தட்டி விட்டாத்தான் ஓடிப் போவோம். கெடக்கவனுக்கு அது தெரியும்.” சிரித்தார். “இப்பம் நான் கெடக்கேன்.”

அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “அவரு சும்மா வரமாட்டாரு. வண்டி நின்னா வருவாரு. திட்டிக்கிட்டுத்தான் வருவாரு. வரட்டுமே. ஒரு நாளு இந்தத் தலையணைய நேராக்கி வச்சிட்டுப் போனாரு.”

அதைச் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

“சொல்லிப்போடாதே.”

தலையாட்டினேன். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு வந்தேன். துடைக்காமல் வந்திருக்கலாமோ?

ஜூன் 18

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமலும் முடியவில்லை.

காலையில் மீட்டிங். நாலாஞ்சிறை வண்டியைப் பற்றி ஜெயந்த் சார் கேட்டார். நான் எண்ணெயைப் பற்றிச் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றினேன். “தண்டவாளம் அழுக்காகுது சார்” என்று மட்டும் சொன்னேன். “தினமும் அழுக்காகுமா? நீ துடைச்சியா, இல்ல கேக் தின்னுட்டு வந்தியா?” என்றாள் ஷில்பா. எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

“தண்டவாளத்துல கரண்டே வேண்டாம் சார். பேட்டரிய வண்டிக்குள்ளயே வைக்கலாம். ரேடியோவில கண்ட்ரோல் பண்ணலாம். அப்ப அழுக்கு இருந்தாலும் நிக்காது.”

சிரிப்பு நின்றது. ஜெயந்த் சார் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ செய்வியா?”

“செய்வேன் சார்.”

“அடிபொளி!” என்றார். ஷில்பா தன் பாட்டிலில் இருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பஸ் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. அழுக்கு இருந்தாலும் நிற்காது. நிற்காவிட்டால் அவர் எதற்கு உள்ளே போவார்?

நானே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானா வாய் தொறந்து சொன்னேன்.

ஜூலை 3

எஞ்சினுக்குப் பின்னால் ஒரு மூடிய சரக்குப் பெட்டி. அதற்குள் மூன்று லித்தியம் செல், தீப்பிடிக்காமல் காக்கிற ஒரு குட்டி போர்டு, ரேடியோ ரிசீவர். அங்கிருந்து எஞ்சினுக்குத் தலைமுடி போல இரண்டு வயர். சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்கிற தகடுகளை எல்லாம் கழற்றிப் போட்டேன். கட்டிலருகில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு காந்தம். அதன்மேல் வந்ததும் வண்டி தானாக நிற்கும், கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானாகத் திரும்பும்.

மேஜையில் ஓட்டிப் பார்க்கும்போது ஷில்பா பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்தாள். வண்டி நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபீசே என் மேஜையைச் சுற்றி நின்றது.

சந்தோஷமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 10

பேட்டரி வண்டியை நாலாஞ்சிறையில் பொருத்திவிட்டேன்.

முதல் ஓட்டத்துக்கு நான் அறைக்குள் நின்றேன். தண்டவாளத்தில் எண்ணெய் பூசியிருந்தது, வழக்கத்தைவிடத் தாராளமாக. அம்மா அதைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்துக்குள் வெளிச்சம் வந்தது. வண்டி எண்ணெய் மேல் ஏறியது. சக்கரம் ஒரு நொடி வழுக்கியது, அவ்வளவுதான். கட்டிலருகில் வந்து நின்றது. டீ துளிகூடச் சிந்தவில்லை.

அம்மா கதவிலிருந்து கண்ணை எடுத்து வண்டியைப் பார்த்தார். அப்புறம் என்னை.

“என்ன செய்தே மோளே?”

“பேட்டரி வச்சிருக்கு அம்மா.”

“அப்பம் இது நிக்காதா?”

நான் பதில் சொல்வதற்குள் வண்டி திரும்பிப் போய்விட்டது. டீயை எடுக்க அவருக்கு நேரம் போதவில்லை. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தேன். அதுதான் நான் செய்த உபகாரம்.

ஜூலை 21

புதுப் புகார். எஞ்சின் சூடாகிறது, பிளாஸ்டிக் வாடை வருகிறது என்று. போய்ப் பார்த்தேன். அம்மா இடது கையால் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்கிறார். மோட்டார் இழுக்கிறது, இவர் விடமாட்டார். வண்டி திரும்பாவிட்டால் சார் வந்துதானே ஆகணும்.

மூன்று நாள் வந்திருக்கிறார். ஜிஜி அக்கா சொன்னார். முதல் நாள் திட்டினாராம். இரண்டாம் நாள் கையை விரல் விரலாகப் பிரித்தாராம். “அம்மச்சிக்கு அன்னைக்கு முழுக்கச் சிரிப்புதான். கையப் புடிச்சாராம்ல!”

சார் என்னிடம் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்: “இவளுக்கு இப்பம் இதுதான் பிள்ளே வெளையாட்டு. மோட்டரு எரிஞ்சா ஜெர்மன்லேர்ந்து வரணும். நீ படிச்ச பிள்ளையல்லியா, இதுக்கு ஒரு வழி செய்.”

ஜூலை 22

வழி சுலபம். கையால் பிடித்தால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். அப்படி இழுத்தால் ஒரு தடவை வெடுக்கென்று முன்னால் போய், உடனே முழு வேகத்தில் பின்னால் வர வேண்டும். பிடித்த கை தானாக விட்டுவிடும்.

மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லவா அப்பா என்னைப் படிக்க வைத்தார்? இப்படி எழுதினால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஜூலை 25

வண்டி வெடுக்கென்று உருவியதில் அம்மாவின் நகம் பெயர்ந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பஞ்சு வைத்துச் சுற்றிவிட்டேன். நர்ஸ் அல்லவா, நான் சுற்றியதைப் பார்த்து, “இப்பிடி இல்ல, மேலேர்ந்து கீழ சுத்தணும்” என்று சொல்லிக் கொடுத்தார். கோபமே இல்லை. அப்புறம் சொன்னார்:

“நீ நல்லாப் படிச்சிருக்கே மோளே.”

ஹாலில் சாருடைய சர்ச் நண்பர்கள் வந்திருந்தார்கள். வண்டி பிஸ்கட் ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குள் போவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒருவர்கூட அறைக்குள் வரவில்லை. “பாவம், தொந்தரவு பண்ண வேண்டாம்” என்றார்கள்.

ஆகஸ்ட் 9

ஷில்பா எடுத்த வீடியோ எல்லா ஃபோனிலும் ஓடுகிறது. ‘அன்பு ரயில்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். படுத்த படுக்கையான மனைவிக்குக் கணவர் அனுப்பும் ரயில். பின்னால் வயலின். யாரோ கீழே, என் புருஷன் ஒரு டம்ளர் தண்ணிகூடக் கொடுத்ததில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஷில்பா இப்போது என்னை ‘கலா’ என்று கூப்பிடுகிறாள். மத்தியானம் தன் டிபனில் பாதியை எனக்கு வைக்கிறாள். என் முழுப் பெயர் கலைச்செல்வி என்று சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் என் அம்மாவுக்குக் காட்டினேன். ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எஞ்சினைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

“அந்தம்மா சிரிக்கவே இல்லையேட்டி.”

“உடம்பு சரியில்லம்மா.”

“ஒடம்பு சரியில்லாதவ டீயையில்லா பாக்கணும். இவ எங்கயோல்லா பாக்கா?”

ஃபோனை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19

பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்ப்பதற்காக, வண்டி இழுக்கிற கரண்டின் அளவு அந்த வீட்டு இன்டர்நெட் வழியாக என் ஃபோனுக்கு வருகிற மாதிரி வைத்திருந்தேன். போகும்போது பாரம் இருக்கும், அதிகம் இழுக்கும். திரும்பும்போது காலி, குறையும். தினமும் அப்படித்தான்.

இன்று மத்தியானம் குறையவில்லை. போனதும் வந்ததும் ஒரே அளவு. கஞ்சி போய், கஞ்சியே திரும்பியிருக்கிறது. சாயங்கால டீயும் அப்படியே.

ஆகஸ்ட் 20

இன்றும். காலை, மத்தியானம், மூன்று மணி. எதுவும் இறங்கவில்லை. திரும்பி வந்ததை அவர் மறுபடி அனுப்பியிருக்கிறார். அது மறுபடி திரும்பியிருக்கிறது. எழுந்து போய் என்ன என்று பார்க்காமல், நாற்காலியில் உட்கார்ந்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

எண்ணெய் போயிற்று. கையும் போயிற்று. இப்போது அம்மா சோற்றைப் பிடித்திருக்கிறார். நர்ஸ். ஒருவர் சாப்பிடாமல் கிடந்தால் யாராவது வந்து பார்த்தே தீர வேண்டும் என்று நம்புகிறார்.

ஜெயந்த் சாரிடம் சொன்னேன். “சென்சார் டிரிஃப்ட் ஆகித் தப்பாக் காட்டும், அடுத்த வாரம் பாக்கலாம்” என்றார். ஜிஜி அக்காவைக் கூப்பிட்டேன். “எங்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேங்குது மோளே. பல்ல இறுக்கிப் புடிச்சிருக்கு. ஒரு ஸ்பூன் தண்ணி, அவ்வளவுதான். சாருகிட்ட பறஞ்சேன். பசிச்சாத் தின்னுவான்னு சொன்னாரு.”

நான் சாரைக் கூப்பிடலாம். நம்பர் இருக்கிறது. எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். என்னவென்று சொல்வது? ‘சார், உங்க மனைவியைப் போய்ப் பாருங்க’ என்றா? அவர் வீட்டில் கேக் தின்றவள் நான்.

ஆகஸ்ட் 21

என்னால் இங்கிருந்தே வண்டியை நிறுத்த முடியும். சோதனைக்காக ஃபோனில் ஒரு பட்டன் வைத்திருக்கிறேன்.

மத்தியானக் கஞ்சி கிளம்பியது. நடைவழியில் ஓடுகிற நேரத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, சுரங்க வாய்க்கு முன்னால் அமுக்கினேன். நின்றது.

இப்போது அவர் எழுந்திருப்பார். வண்டிவரை வருவார். பக்கத்திலேயே கதவு. வந்தது வந்தோம், திறந்து பார்ப்போம் என்று ஒரு நிமிடமாவது தோன்றாதா? தோன்றும். தோன்றியே ஆகணும். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெயந்த் சார் கூப்பிட்டார். “கலா, ராஜமணி சாரோட வண்டி நின்னுபோச்சு. நீ உடனே போ.”

நான் போய்ச் சேர நாலு மணி ஆகிவிட்டது. சார் அதே நாற்காலியில் இருந்தார். வண்டி நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது, கஞ்சியில் ஆடை படிந்து. “வா பிள்ளே, உன்னத்தான் பாத்துட்டு இருக்கேன்” என்றார்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அம்மா என் பின்னால் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

“அவரு?”

எப்படி அது என் வாயில் வந்தது என்று தெரியவில்லை.

“வாறாரு அம்மா. நீங்க முதல்ல சாப்பிடணும்னு சொன்னாரு.”

“சொன்னாரா?”

“ம்.”

வாயைத் திறந்தார். ஆறிப்போன கஞ்சியை ஊட்டினேன். வேக வேகமாக விழுங்கினார், அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி. முடித்ததும் இடது கையால் சேலைத் தலைப்பை எடுத்து வாயைத் தானே துடைத்துக்கொண்டார். “ஒட்டிட்டு இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “செரி, போய் வரச்சொல்லு.”

காலிக் கிண்ணத்தோடு வெளியே வந்தேன். சார் நாற்காலியிலிருந்தே கையைக் காட்டினார், கதவைச் சாத்தச் சொல்லி.

சாத்தினேன்.

“தின்னாளா? எப்பிடித் தின்ன வச்சே?”

சொன்னேன். ஏன் சொன்னேன்? அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “அது கொள்ளாமே! நல்ல வித்தை!”

ஆகஸ்ட் 25

டாக்டர் வந்து பார்த்தாராம். பட்டினி கிடந்ததில் இன்னொரு சின்ன ஸ்ட்ரோக் வந்திருக்கலாம் என்கிறார். நினைவு தப்பித் தப்பி வருகிறது. காலையில் ஜிஜி அக்காவிடம் டூட்டி மாறுகிற நேரம் என்ன என்று கேட்டாராம். காலையும் அந்தியும் ஜிஜி அக்கா கெஞ்சி ஊட்டுகிற நாலு ஸ்பூன் கஞ்சிதான் உள்ளே போகிறது. இனி ஒரு வேளைகூடச் சாப்பாடு தவறக் கூடாது என்றாராம் டாக்டர்.

சார் ஜெயந்த் சாரைக் கூப்பிட்டு அன்றைக்கு நான் செய்த வித்தையைச் சொல்லியிருக்கிறார். ஜெயந்த் சாருக்கு உடனே பொறி தட்டிவிட்டது. “தினமும் நீ போய்ச் சொல்ல முடியுமா? வண்டியே சொல்லட்டும். ஒரு குட்டி ஸ்பீக்கர். அவரோட சவுண்ட். அதே பேட்டரியிலே ஓடும், இல்லே?”

ஓடும் சார் என்றேன்.

ஆகஸ்ட் 28

குரல் பதிவு. ஹாலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

முதல் தடவை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை குரல் ரேடியோ செய்தி மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தார். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே, எங்கிருந்து தைரியம் வந்ததோ, சொல்லிவிட்டேன்:

“சார்… நீங்களே ஒரு தடவை உள்ள போனா…”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் போனா அவ என்னப் பாப்பா பிள்ளே. நீ அந்தப் பார்வை பாத்திருக்கியா? அவ நடந்த நடை எனக்குத் தெரியும். ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து நின்னுட்டே சோறு பொங்குவா. இப்பம் அவளக் கெடையில பாக்கணும்னா… எனக்குக் கழியாது, முடியாது. நான் ஒண்ணும் துஷ்டனில்ல. நேரத்துக்கு எல்லாம் போவுதல்லியா? ஒரு கொறை உண்டா?” ஸ்டேஷன் பொம்மைகள் பக்கம் குனிந்தார். கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்து நேராக நிற்க வைத்தார். “செரி, ஒண்ணுகூட எடு.”

பதிவை அழுத்தினேன்.

“ஜெயா, இதா வாறேன். நீ சாப்பிட்டுட்டு இரு, கேட்டியா.”

இந்தத் தடவை குரல் அப்படியே ஒரு புருஷன் அடுக்களைப் பக்கமிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அத்தனை அன்பு. எனக்கே ஒரு நொடி அவர் எழுந்து போய்விடுவார் என்று தோன்றிவிட்டது.

“போதும் சார், நல்லா வந்திருக்கு” என்றேன்.

செப்டம்பர் 1

பொருத்தினேன். வண்டி காந்தத்தின்மேல் நின்றதும் குரல் வருகிறது. அம்மா பெட்டியையே பார்த்தார். “பொட்டி பேசுது” என்றார் என்னிடம். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 4

இன்று காலி வண்டி திரும்பியது. மூன்று வேளையும்.

நல்லதுதானே. சாப்பிடுகிறார். உயிர் இருக்கிறது. நல்லதுதான்.

செப்டம்பர் 18

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. ஜெயந்த் சார் எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். அப்பா லட்டு வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாராம். “எம் மவ ரயில்ல இன்ஜினீரு” என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை.

இன்னும் இரண்டு வீடுகளில் இதே வண்டி கேட்டிருக்கிறார்கள். ஒன்றில் மகன் கனடாவில், இன்னொன்றில் மகள் துபாயில். குரலை அங்கிருந்தே அனுப்பிவிடுவார்களாம். ஒரே குரலாக இருந்தால் நாளாக ஆக வேலை செய்யாமல் போகலாம், நாலைந்து விதமாகப் பேசச் சொல்லி வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம் என்று ஒரு யோசனை சொன்னேன்.

மீட்டிங்கில் இப்போது எனக்குக் கூச்சமே வருவதில்லை.

அக்டோபர் 14

நாலாஞ்சிறையில் பேட்டரி சோதனை. செல் எல்லாம் நன்றாக இருக்கிறது.

வாசலில் ஜிஜி அக்கா கிளம்பிக்கொண்டிருந்தார். “அம்மச்சிக்கு இப்பம் பவுடர் வேணும், சீப்பு வேணும். வண்டிச் சத்தம் கேட்டா உடனே முடிய ஒதுக்கும். நானும் ஒண்ணும் பறயல்ல. பறஞ்சு என்ன?”

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். அம்மாவின் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. இடது பக்கத்து முடி மட்டும் சீவியிருந்தது. வலது பக்கத்துக்குக் கை எட்டாது. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. புது நர்ஸ் என்று நினைத்தார் போல. லேசாகச் சிரித்தார்.

சுரங்கத்தில் வெளிச்சம் வந்தது. வண்டி வந்து நின்றது. ஜெயா, இதா வாறேன். நீ சாப்பிட்டுட்டு இரு, கேட்டியா.

“ம், பைய வாங்க, ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம் கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

“கொஞ்சம் மாறி நில்லு மோளே. வாசல மறைக்காதே. அவரு வருவாரு.”

விலகி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.